டஸ்ட் மைட் அலர்ஜி: வேலூர்ல இருக்கிற அம்மாக்கள் கொஞ்சம் சொல்லுங்க

சத்துவாச்சாரியில இருக்கோம்ங்க. என் 6 வயசுப் பொண்ணு காலையில கண்ணு முழிச்சதும் அடுக்குத் தும்மல் போடுறா, மூக்கு ஒழுகுது, கண்ணைக் கசக்கிக் கசக்கி சிவந்துடுது. தோல் டெஸ்ட்ல டஸ்ட் மைட் (மெத்தை, தூசியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி) அலர்ஜின்னு வந்துச்சு. டாக்டர் குடுத்த மூக்கு ஸ்பிரே போயிட்டிருக்கு.

வாராவாரம் பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்கிறேன். பெருக்குறதை விட்டுட்டு ஈரத்துணியாலதான் துடைக்கிறேன். மாமியார் இத்தனை வருஷமா போட்ட சாம்பிராணியைக்கூட பேத்திக்காக நிறுத்திட்டாங்க, பாவம்.

இந்த வெயில்ல என்ன பண்றதுன்னுதான் தெரியல. ஜன்னலைத் திறந்தா ரோட்டுப் புழுதி, பக்கத்து காலி மனையில அலர்ஜியைக் கிளப்புற பார்த்தீனியம் செடி வேற. தண்ணி ஊத்துற ஏர்கூலர் போட்டா ஈரப்பதம் ஏறி மைட் பெருகும்.

நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க? மெத்தையை முழுசா மூடுற ஜிப் கவர் காட்பாடி பக்கம் எங்க கிடைக்கும்? இலவம்பஞ்சு மெத்தையை மாத்தியே ஆகணுமா? ராத்திரி குழந்தை மூக்கடைச்சு வாயால மூச்சு விடுறதைப் பார்க்கவே முடியலைங்க.