ஆல்ரவுண்டர் பட்டியலில் பிராட்மன் முதலிடம் வருகிறார், ஃபார்முலாவை எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர்:
டெஸ்ட் ஆல்ரவுண்டர்களை வரிசைப்படுத்த எக்செலில் ஒரு ஷீட் போட்டிருக்கிறேன். பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியை (ஒரு விக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) கழிக்கும் வழக்கமான கணக்குதான். ஆனால் உச்சியில் பிராட்மன் வந்து உட்கார்ந்திருக்கிறார்! 99.94-இல் 36.00 போக 63.94. மனிதர் எடுத்ததே 2 விக்கெட். சோபர்ஸுக்கு 23.75, காலிஸுக்கு 22.72, இம்ரான் கானுக்கு வெறும் 14.88. இம்ரான் இவ்வளவு கீழேயா? எங்கே இடிக்கிறது?

பதில் 1:
பிராட்மனை வெளியேற்றுவது சுலபம், விக்கெட்டுக்கு ஒரு குறைந்தபட்சம் வையுங்கள். 100 என்று மட்டும் வைக்காதீர்கள், தென்னாப்பிரிக்காவின் பழைய ஆல்ரவுண்டர் ஆப்ரே ஃபால்க்னரும் போய்விடுவார். 25 டெஸ்டில் 82 விக்கெட், பேட்டிங் 40.79, பந்துவீச்சு 26.58. அந்தக் காலத்தில் ஆடக் கிடைத்த டெஸ்டே குறைவு. ஒரு டெஸ்டுக்கு எத்தனை விக்கெட் என்று பார்ப்பதுதான் நியாயம்.

பதில் 2:
கழிக்காமல் வகுத்துப் பாருங்கள். பேட்டிங் சராசரி ஐம்பதைத் தாண்டும், பந்துவீச்சுச் சராசரி இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் கழித்தால் தராசு எப்போதும் பேட்ஸ்மேன் பக்கம்தான் சாயும். வகுத்தால் சோபர்ஸ் 1.70, காலிஸ் 1.70, இம்ரான் 1.65, கீத் மில்லர் 1.61. பிராட்மன் இதிலும் 2.78 வாங்கிவிடுவார், ஆகவே முதல் பதிலில் சொன்ன வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

கூடவே வேலைச்சுமையையும் சேருங்கள். இம்ரான் 88 டெஸ்டில் 362 விக்கெட், காலிஸ் 166 டெஸ்டில் 292. டெஸ்டுக்கு 4.1 எங்கே, 1.8 எங்கே! ஒருவர் புதுப் பந்தை எடுத்து அணியைத் தூக்கிச் சுமந்தவர், மற்றவர் பெரும்பாலும் நடுவில் வந்து கைகொடுத்தவர்.

கேட்டவர்:
வகுத்ததும் இம்ரான் பிரச்சினை தீர்ந்தது, நன்றி. இப்போது வேறொன்று. கழித்தபோது போத்தம் 5.14, ஹாட்லி 4.87. வகுத்தால் போத்தம் 1.18, ஹாட்லி 1.22. இடம் மாறிவிட்டார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பதில் 3:
ஃபார்முலாவை மாற்றினாலே இடம் மாறுகிறது என்றால் அந்த வித்தியாசத்துக்குப் பெரிய அர்த்தமில்லை, இருவரையும் ஒரே படியில் வையுங்கள். என்னைக் கேட்டால் போத்தம்தான் மேல். ஹாட்லிக்கு 2 சதம், போத்தமுக்கு 14. ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும் என்று ஒரு நெடுவரிசை சேர்த்துப் பாருங்கள், போத்தம் 5 தடவை செய்திருக்கிறார். 1980 மும்பையில் 114 ரன், 13 விக்கெட்! முதல் 21 டெஸ்டிலேயே 1000 ரன், 100 விக்கெட் தொட்டவர். பிற்பாடு ஆடிய சுமாரான ஆண்டுகள் சராசரியை இழுத்துவிட்டன. அதனால் முழு வாழ்க்கைக்கு ஒன்று, சிறந்த 50 டெஸ்டுக்கு ஒன்று என இரண்டு ஷீட் போடுங்கள்.

பதில் 4:
காலிஸை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டீர்களே! 200 கேட்ச் பிடித்தவர் சார். சோபர்ஸும் 109. ஃபீல்டிங்குக்கு ஷீட்டில் இடமே இல்லையா?

கேட்டவர்:
ஸ்லிப்பில் நிற்பவருக்கும் பவுண்டரியில் நிற்பவருக்கும் வரும் வாய்ப்பு ஒன்றல்லவே, அதனால்தான் விட்டேன். டெஸ்டுக்கு எத்தனை கேட்ச் என்று தனியாகப் போட்டு, மொத்தத்தில் கூட்டாமல் பக்கத்தில் காட்டிவிடுகிறேன்.