ஆளு போயாச்சு, மெயில் மட்டும் முதலாளி இன்பாக்ஸுக்கு வருது: போஸ்ட்ஃபிக்ஸ் தெரிஞ்சவங்க யாராச்சும் உதவுங்க

கீழமாசிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம்ணே. மதுரை கீழமாசி வீதில ஒரு மொத்த வியாபாரக் கடைல கம்ப்யூட்டர் வேலை பூராம் நாந்தான், பில்லிங், சிசிடிவி, பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா புடுங்குறது, அதோட சேத்து மெயில் சர்வரும். உபுண்டுல போஸ்ட்ஃபிக்ஸும் (மெயில வாங்கி அனுப்புறது) டவ்காட்டும் (பெட்டில இருக்குற மெயில எடுத்துக் குடுக்குறது), எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டு வச்சுட்டுப் போனது, நான் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான், முறையா படிச்சதில்ல. போன்ல இருந்து டைப் பண்றேன், அதனால கமாண்டு, ஃபைல் பேரு எல்லாம் தமிழ் எழுத்துலயே வரும், டொமைன் பேரையும் பழசு, புதுசுன்னே வச்சுக்கிறேன், கோச்சுக்காதீங்க.

விஷயம் என்னண்டா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தொழிலப் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. பருப்பு, மிளகா வத்தல் பெரியவருக்கு, எண்ணெயும் மத்ததும் சின்னவருக்கு. பழைய டொமைன் சின்னவர்ட்ட நின்னுருச்சு, நானும் அவர்ட்டதான். பெரியவர் கூடப் போன 7 பேருக்கு புது டொமைன்ல மெயில் ஆரம்பிச்சாச்சு. சின்னவர் எங்கிட்ட சொன்னது இதுதான்: "அவுக மெயில நம்ம சுமந்துக்கிட்டுப் போய்க் குடுக்கவும் வேணாம், பிரிச்சுப் படிக்கவும் வேணாம், அனுப்புறவனுக்குப் புது அட்ரஸ் இதுன்னு சொல்லி விட்ரு, நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது." நியாயமான பேச்சு.

தேடிப் பாத்ததுல இதுக்குன்னே போஸ்ட்ஃபிக்ஸ்ல ரீலொகேட்டட் மேப்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆள் மாறிட்டாரு, புது அட்ரஸ் இதுன்னு சொல்லி மெயிலத் திருப்பி விடும். ரீலொகேட்டட்னு ஒரு ஃபைல் போட்டு, அதுல 7 வரி, எல்லாம் இந்த மாதிரி:

சேல்ஸ்@பழசு      சேல்ஸ்@புதுசு

மெயின்.சிஎஃப்ல (போஸ்ட்ஃபிக்ஸோட முக்கிய செட்டிங் ஃபைல்) ரீலொகேட்டட் மேப்ஸ் = ஹாஷ் போட்டு அந்த ஃபைலோட பாதை குடுத்து, போஸ்ட்மேப் (ஃபைல போஸ்ட்ஃபிக்ஸ் தேடுற மாதிரி மாத்துற கமாண்டு) ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோடும் குடுத்தாச்சு. அந்த 7 பேரோட பழைய மெயில்பாக்ஸையும் பேக்கப் எடுத்துட்டு தூக்கிட்டேன். இப்ப என் ஜிமெயில்ல இருந்து சேல்ஸ்@பழசுக்கு ஒண்ணு அனுப்புனா திரும்பி வரவே இல்ல, நேரா சின்னவர் இன்பாக்ஸ்ல போய் உக்காந்துருக்கு. நேத்து மட்டும் பெரியவர் பக்கத்து ஆர்டர் மெயில் 4 அவர் பெட்டில. எதை வேணாம்னாரோ அதுவே நடக்குது, எனக்குச் சோறு எறங்கல. எங்க தப்பு பண்றேன்?

திருமங்கலம்_டெக்:

தம்பி இதுக்கு எதுக்கு இம்புட்டு சுத்து, வர்ச்சுவல் ஃபைல்ல (இந்த அட்ரஸுக்கு வந்தா அந்த அட்ரஸுக்கு மாத்துன்னு சொல்ற பட்டியல்) சேல்ஸ்@பழசு சேல்ஸ்@புதுசுன்னு ஒரு வரி போட்டா தானா ஃபார்வர்ட் ஆயிரும். ரெண்டு நிமிச வேலை.

கீழமாசிக்காரன்:

அண்ணே அதான் வேணாங்கிறாரு. ஃபார்வர்ட் ஆனா நம்ம சர்வர் வழியாத்தானே போகுது, ஏதாச்சும் ஒரு ஆர்டர் வழில காணாமப் போச்சுன்னா நம்ம மேலதான் பழி வரும். ரெண்டு வீட்டுக்கும் இப்பத்தான் பேச்சு வார்த்தையே ஒரு மாதிரி நேராகிட்டு வருது.

ரூட்_யூசர்:

ஃபார்வர்ட் வேணாங்கிறதுக்கு டெக்னிக்கலாவும் காரணம் இருக்கு. உங்க சர்வர் அடுத்தவங்க மெயில வாங்கி அப்படியே புது டொமைனுக்குத் தள்ளுனா, அங்கிட்டு இருக்குற சர்வர் பாக்குறது உங்க ஐபிய, அனுப்புனவர் பேரு மட்டும் வேற டொமைன். அந்த டொமைனோட எஸ்பிஎஃப் பட்டியல்ல (அந்த டொமைன் பேருல எந்த ஐபி அனுப்பலாம்ங்கிற பட்டியல்) உங்க ஐபி இருக்காது, எஸ்பிஎஃப் ஃபெயில். டிகிம் கையெழுத்து (அனுப்புற டொமைன் மெயில்ல போடுற டிஜிட்டல் முத்திரை) கலையாம இருந்தா தப்பிக்கும், இல்லாட்டி ஸ்பாம்லயோ குப்பைலயோ போகும். எஸ்ஆர்எஸ் வச்சு அனுப்புனர் முகவரிய மாத்தி எழுதலாம், ஆனா அது தனி ரோதனை. போதாக்குறைக்கு பழைய அட்ரஸுக்கு வர்ற ஸ்பாம் பூராம் உங்க ஐபி பேருலதான் அங்கிட்டுப் போகும், கடைசில கெட்ட பேரு உங்களுக்கு. அதனால சின்னவர் சொன்னதே சரி.

இப்ப உங்க பிரச்சனை. ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு, போஸ்ட்மேப் மைனஸ் க்யூ போட்டு சேல்ஸ்@பழசுன்னு கேட்டா என்ன பதில் வருது. ரெண்டாவது, மெயில்.லாக்ல அந்த மெயிலோட வரியப் பாருங்க, அதுல டூ என்ன, ஆரிஜ் டூ என்ன.

கீழமாசிக்காரன்:

போஸ்ட்மேப்ல கேட்டா சேல்ஸ்@புதுசுன்னு சரியாத்தான் சொல்லுது. லாக்ல டூ = முதலாளி@பழசு, ஆரிஜ் டூ = சேல்ஸ்@பழசு, ஸ்டேட்டஸ் சென்ட். இந்த ஆரிஜ் டூவ நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல.

ரூட்_யூசர்:

அதுலதான் விஷயமே இருக்கு. ஆரிஜ் டூன்னு தனியா ஒண்ணு வந்தாலே, வந்த முகவரிய உள்ள எவனோ மாத்தியிருக்கான்னு அர்த்தம். உங்க வர்ச்சுவல் ஃபைல்ல கடைசில வெறும் @பழசுன்னு ஆரம்பிச்சு முதலாளி@பழசுன்னு முடியிற வரி இருக்கா?

கீழமாசிக்காரன்:

அய்யோ ஆமாண்ணே. தப்பா ஸ்பெல்லிங் போட்டு எவனாச்சும் அனுப்புனாலும் தனக்கு வந்துறணும்னு சின்னவர் சொல்லி முன்னாடி இருந்தவரு போட்டது. அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் கணக்கு@பழசு கணக்கு@பழசுன்னு அதே பேரு ரெண்டு தடவ இருக்கும், இது எதுக்குடா வெட்டியான்னு நினைச்சு அந்த 7 பேரு வரிய மட்டும் போன வாரம் அழிச்சுட்டேன்.

ரூட்_யூசர்:

வெட்டி இல்ல, அந்த வரிகதான் ஸ்டாஃப் மெயில் முதலாளிட்டப் போகாம காப்பாத்திட்டு இருந்துச்சு. வர்ச்சுவல் அலியாஸ் மேப்ஸ் எல்லா டொமைனுக்கும் பொருந்தும், மெயில்பாக்ஸ் நெசமா இருந்தாலும் கேச்சால் வரி (எந்தப் பேருக்கு வந்தாலும் அள்ளுற அந்த @பழசு வரி) அதையும் அள்ளிட்டுப் போயிரும், அதனாலதான் இருக்குற ஆள் ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேருக்கு அவங்க பேரையே எழுதி வைக்கணும். நீங்க 7 வரிய எடுத்தீங்க, கேச்சால் அள்ளிருச்சு.

ரீலொகேட்டட் ஏன் வேலை செய்யலங்கிறதுக்கும் இதுதான் காரணம். மெயில் வாசல்ல நிக்கும்போது எஸ்எம்டிபிடி (போஸ்ட்ஃபிக்ஸ்ல மெயில வாங்குற பகுதி) இந்த முகவரி நம்ம பட்டியல்ல இருக்கான்னு பாக்கும், வர்ச்சுவல்ல பொருந்திருச்சுன்னா சரி உள்ள வான்னு விட்ரும். அப்புறம் க்ளீன்அப் (உள்ள வந்த மெயிலோட முகவரிய மாத்தி எழுதுற பகுதி) வந்து சேல்ஸ முதலாளியா மாத்திரும். அதுக்கப்புறம் ரீலொகேட்டட்ல தேடுறப்ப அங்க இருக்குறது முதலாளி பேரு, அவரு எங்கயும் வீடு மாறலயே. சேல்ஸ்ங்கிற பேரு அதுக்குள்ள காணாமப் போயிருச்சு.

கேச்சால எடுத்துட்டா பிரச்சனை தீந்துச்சு. ரீலொகேட்டட் வாசல்லயே 550 5.1.6 (வாங்க மாட்டேன்ங்கிற கோடு) போட்டு, யூசர் ஹேஸ் மூவ்டு டு சேல்ஸ்@புதுசுன்னு சொல்லித் திருப்பிரும். மெயில்பாக்ஸ் இருந்தா கூட பரவாயில்ல, ரீலொகேட்டட் அதையெல்லாம் பாக்காது, நீங்க பேக்கப் எடுத்து அழிச்சிருக்கவே வேணாம்.

கீழமாசிக்காரன்:

கேச்சால எடுக்கச் சொன்னா கொன்னுருவாரு. போன வருசம் ஒரு எண்ணெய் மில்லுக்காரரு எங்க அட்ரஸ்ல ஒரு எழுத்த விட்டுட்டு அனுப்புன கொட்டேஷன் அதுலதான் கிடைச்சுச்சு, அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டுக்கிட்டு இருக்காரு. அழிச்ச 7 வரிய மறுபடியும் போட்டா சரியாகுமா?

வைகைக்கரை:

நான் இடைல வர்றேன். அந்த வரிகள மறுபடி போட்டா வேலை செய்யும், ஆனா அசிங்கமா வேலை செய்யும். வாசல்ல வர்ச்சுவல் பொருந்துறதால மெயில உங்க சர்வர் வாங்கிக்கும், வாங்குன பின்னாடி ரீலொகேட்டட்ல பாத்து ஐயையோ இவர் மாறிட்டாரேன்னு உங்க சர்வரே ஒரு பவுன்ஸ் மெயில் (போய்ச் சேரலன்னு சொல்ற மெயில்) எழுதி அனுப்பும். ஸ்பாம் அனுப்புறவன் ஃப்ரம்ல எவன் பேரையோ போட்டிருப்பான், அந்த அப்பாவிக்கு உங்க பவுன்ஸ் போய் விழும், பேக்ஸ்கேட்டர்னு பேரு, பிளாக்லிஸ்ட் காரன்ட்ட மாட்டுவீங்க. திருப்புறதா இருந்தா வாசல்லயே திருப்பணும், உள்ள வாங்கி வச்சுட்டுத் திருப்பக் கூடாது.

கேச்சாலும் இருக்கணும், வாசல்லயும் திருப்பணும்னா ரீலொகேட்டட்ட விட்ருங்க, ஆக்சஸ் டேபிள் (யாருக்கு வர்றத வாங்கணும், எதைத் திருப்பணும்ங்கிற பட்டியல்) போடுங்க. மூவ்டுன்னு ஒரு ஃபைல், உள்ள:

சேல்ஸ்@பழசு      550 5.1.6 யூசர் ஹேஸ் மூவ்டு டு சேல்ஸ்@புதுசு

7 பேருக்கும் இதே மாதிரி (நெசமா எழுதுறப்ப இங்கிலீஷ் எழுத்துல எழுதணும், அதை அப்புறம் சொல்றேன்). மெயின்.சிஎஃப்ல எஸ்எம்டிபிடி ரெசிபியன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்ல எல்லாத்துக்கும் முதல்ல செக் ரெசிபியன்ட் ஆக்சஸ் ஹாஷ் போட்டு அந்த ஃபைல். பெர்மிட் மைநெட்வொர்க்ஸுக்கு (கடை நெட்வொர்க்ல இருந்து வர்றத விட்ருன்னு சொல்ற வரி) மேல இருக்கணும், கீழ போட்டா கடைக்குள்ள இருந்து போற மெயிலுக்கு வேலை செய்யாது. வர்ச்சுவல்ல மாத்தி எழுதுறதுக்கு முன்னாடியே இந்தச் செக் நடந்துரும், அதனால கேச்சால் கண்ணுலயே படாது. போஸ்ட்மேப் ஓட்ட மறந்துறாதீங்க, நான் மறந்துட்டு ஒரு ராத்திரி பூராம் முழிச்சிருக்கேன்.

திருமங்கலம்_டெக்:

551னு ஒரு கோடு இருக்குல்ல, யூசர் நாட் லோக்கல், இன்ன இடத்துக்கு அனுப்புன்னு? அதைப் போட்டா அனுப்புற சர்வரே புது அட்ரஸுக்கு அனுப்பிருமே?

வைகைக்கரை:

இருக்கு, 1982ல எழுதுன மெயில் விதிமுறை ஆர்எஃப்சி 821லயே 251 (நானே அனுப்பிர்றேன்), 551 ரெண்டும் இருக்கு. ஆனா 551 பாத்துட்டு தானா புது இடத்துக்குத் திருப்பி அனுப்புற சர்வர நான் இத்தன வருசத்துல பாத்ததில்ல. எவனோ சொன்னான்னு கடிதத்த வேற வீட்டுல குடுத்தா சரியா வருமா. மனுசன் படிக்கிறதுக்குத்தான் அந்த வாசகம். அதனால 550 போதும், 5.1.6ங்கிறது பெட்டி இடம் மாறிருச்சுங்கிறதுக்கான கோடு, அப்படி ஒரு ஆளே இல்லைங்கிறதுக்கு 5.1.1.

கீழமாசிக்காரன்:

போட்டாச்சு! ஜிமெயில்ல இருந்து அனுப்புனேன், ஒரு நிமிசத்துல திரும்பிருச்சு, ரிமோட் சர்வர் சொன்னதுன்னு கீழ நம்ம எழுதுன வாசகம் புது அட்ரஸோட அப்படியே இருக்கு. ஆனா கடைல பில்லிங்ல இருக்குற அக்கா அவுட்லுக்ல இருந்து சேல்ஸ்@பழசுக்கு அனுப்புனா இன்னும் சின்னவருக்குத்தான் போகுது. மேலதான் போட்டிருக்கேன், கீழ போடல.

வைகைக்கரை:

அவுட்லுக் 587ல (சப்மிஷன், அதாவது நம்ம ஆளுங்க மெயில் அனுப்புற போர்ட்) போகுதா? மாஸ்டர்.சிஎஃப்ல சப்மிஷன் பகுதியப் பாருங்க, அதுக்குக் கீழ மைனஸ் ஓ போட்டு எஸ்எம்டிபிடி ரெசிபியன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்னு இருந்து பக்கத்துல காலியா இருக்கும்.

கீழமாசிக்காரன்:

ஆமா, சமக் குறிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. பாதில விட்டுட்டாங்க போலன்னு நினைச்சேன்.

வைகைக்கரை:

பாதில விடல, வேணும்னேதான் காலி. மெயின்.சிஎஃப்ல நீங்க எழுதுனத 587க்கு மட்டும் ஒண்ணுமில்லன்னு ஆக்கிருது. மெயின்.சிஎஃப்ல எம்யுஏ ரெசிபியன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்னு நீங்களா ஒரு பேரு வச்சு, அதே செக் ரெசிபியன்ட் ஆக்சஸ் வரிய அதுல எழுதுங்க, மாஸ்டர்.சிஎஃப்ல சமக் குறிக்குப் பக்கத்துல டாலர் போட்டு அந்தப் பேரக் குடுங்க. நேரா அங்கயே எழுதப் போனீங்கன்னா இடைவெளி விட்டா உதைக்கும், அதுக்குத்தான் இந்தச் சுத்து. அப்புறம் ரீலோட். மெயில் அனுப்ப 465 போர்ட்டும் திறந்து வச்சிருந்தா அங்கயும் இதே.

ரூட்_யூசர்:

பேக்கப் எம்எக்ஸ் (உங்க சர்வர் படுத்துட்டா மெயில வாங்கி வைக்கிற மாத்து சர்வர்) வச்சிருக்கீங்களா? இருந்தா அதுலயும் இதே ஃபைல் வேணும், இல்லாட்டி அது வாங்கி வச்சுக்கிட்டு உங்கட்ட கொண்டு வரும், நீங்க 550 சொன்னதும் பவுன்ஸ் அது எழுதும், பேக்ஸ்கேட்டர் கொல்லை வழியா வந்துரும்.

கீழமாசிக்காரன்:

பேக்கப் எல்லாம் இல்லண்ணே, இருக்குறதே மாடிப்படிக்குக் கீழ ஒரே டப்பா. 587 சரியாயிருச்சு, அக்கா அனுப்புன உடனே அவுட்லுக்லயே எரர் பொட்டி வந்து நின்னுச்சு, பயந்து போய் என்னைய மாடில இருந்து கூப்ட்டுட்டாங்க. இன்னைக்கு பூராம் சின்னவர் இன்பாக்ஸ்ல பெரியவர் மெயில் ஒண்ணு கூட இல்ல. ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். காலைல விருதுநகர்ல இருந்து பழைய பார்ட்டி ஒருத்தரு லேண்ட்லைன்ல கூப்ட்டு, "எவனோ மெயிலர் டீமன்னு ஒருத்தன் இங்கிலீஷ்ல என்னத்தையோ எழுதி அனுப்பியிருக்கான், கடைய மூடிட்டீகளா"ண்டு கேட்டாரு. அந்த வாசகத்த தமிழ்ல போட முடியுமா?

வைகைக்கரை:

நான் சொல்றேன்னு சொன்னது இதுதான். எஸ்எம்டிபி (சர்வருக்கு சர்வர் மெயில் பேசுற முறை) பதில் வாசகம் ஆஸ்கி எழுத்துல (வெறும் இங்கிலீஷ் எழுத்து, நம்பர், குறி) இருக்கணும், தமிழ்ல போட்டா பாதி சர்வர்ல கேள்விக்குறியா போய் நிக்கும். வேணும்னா இங்கிலீஷ் எழுத்துலயே "புது முகவரி"ன்னு தங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சேத்துக்கங்க, கூடவே பெரியவர் கடை போன் நம்பரையும் அந்த வரிலயே போட்ருங்க, அவர்ட்டக் கேட்டுட்டு. விருதுநகர் அண்ணாச்சி நம்பரப் பாத்தா போன் அடிச்சுருவாரு.

கீழமாசிக்காரன்:

நம்பர் கேக்க நான்தான் பெரியவர் கடைக்குப் போகணும், சின்னவரு போக மாட்டாரு. சாயங்காலம் போறேன்.