குட்டி பெயின்ட் பாட்டில்: குலுக்குவதா, கிளறுவதா?

இறக்கை72
பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுவதை நிறுத்திவிட்ட நண்பர் தன் பெயின்ட் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஹம்ப்ரால் எனாமல் 14 மி.லி. டப்பாக்கள், டாமியா அக்ரிலிக் 10 மி.லி. கண்ணாடி பாட்டில்கள், 17 மி.லி. சொட்டு பாட்டில்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் நிறம் அடியில் இறங்கி, மேலே எண்ணெய் மாதிரி தெளிந்து நிற்கிறது. குலுக்கினால் போதுமா, திறந்து கிளற வேண்டுமா? கேட்ட இடமெல்லாம் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள்.

குச்சிக்காரன்
கிளற வேண்டும். குலுக்கினால் மேலே உள்ள திரவம்தான் ஆடும், அடியில் கெட்டிப்பட்ட வண்டல் அசையாது. சந்தேகம் இருந்தால் ஒரு டப்பாவைக் கை வலிக்கக் குலுக்கிவிட்டுத் திறந்து, தட்டை முனைக் கம்பியால் அடியைச் சுரண்டிப் பாருங்கள். களி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

மேட் பெயின்டில் இது ரொம்ப முக்கியம். மினுமினுப்பை அடக்குவதற்கென்றே அதில் சிலிக்கா போன்ற நுண்தூள் சேர்க்கிறார்கள். அந்தத் தூளும் நிறமியும் அடியில் கிடந்தால் மேலே மிஞ்சுவது பெரும்பாலும் ரெசின் என்ற பிணைப்புப் பசைதான். அதைத் தொட்டுப் பூசினால் மேட் என்று எழுதிய பெயின்ட் பளபளவென்று காயும், சில சமயம் திட்டுத் திட்டாக. கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

கம்ப்ரசர்சத்தம்
ஆரம்பித்துவிட்டார். குச்சிக்காரரே, உங்கள் வழியில் போனால் ஒவ்வொரு தடவையும் மூடி திறக்க வேண்டும். தின்னர் ஆவியாகும், பாட்டில் வாயில் பெயின்ட் வழியும், குச்சியில் ஒட்டியதைத் துடைத்துத் துடைத்தே 10 மி.லி. தீர்ந்துவிடும். அது போகட்டும், சொட்டு பாட்டிலுக்குள் குச்சியை எந்த வழியாக விடுவீர்கள்?

உள்ளே ஒரு குண்டு போடுங்கள். ஸ்பிரே டப்பாவை ஆட்டும்போது கடகடக்குமே, அதே வேலைதான். 5 அல்லது 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு ஒன்றிரண்டு போட்டால், பாட்டில் காலியாகும் வரை வேறு எதுவும் தேவையில்லை.

குச்சிக்காரன்
> சொட்டு பாட்டிலுக்குள் குச்சியை எந்த வழியாக விடுவீர்கள்?

மூக்கைக் கழற்றிவிட்டு. பக்கவாட்டில் அழுத்தி நெம்பினால் வந்துவிடும். அதைக் கழற்றாமல் உங்கள் குண்டு மட்டும் எப்படி உள்ளே போனதாம்?

நிறமி
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லா நிறமும் ஒரே மாதிரி படிவதில்லை, அதைப் பார்க்காமல் சண்டை போடுகிறீர்கள்.

தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு 4.2 பக்கம். செம்பழுப்புக்கான இரும்பு ஆக்சைடு 5ஐத் தாண்டும். கறுப்புக்கான கார்பன் 2ஐ ஒட்டித்தான். அடர்த்தி கூடினால் வேகமாக இறங்கும். துகளின் பருமன் அதைவிட முக்கியம்: ஸ்டோக்ஸ் விதிப்படி விட்டம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு. அலுமினியம் 2.7தான் என்றாலும் வெள்ளி நிறத்தில் இருப்பவை பெரிய செதில்கள். கிண்ணத்தில் ஊற்றிவிட்டு ஒரு போன் பேசி வந்தால் இறங்கியிருக்கும். உலோக நிறம் என்றால் பூசும்போதும் அடிக்கடி கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

படிவதிலும் இரண்டு ரகம். துகள்கள் தளர்வாகக் கோத்துக்கொண்டு படிந்தால் வண்டல் உயரமாக, மெத்தென்று இருக்கும்; குலுக்கினாலே எழும். தனித்தனியாக இறங்கி நெருக்கமாக அடுக்கிக்கொண்டால் கெட்டி. அங்கே குச்சியைத் தவிர வேறு வழி இல்லை.

கம்ப்ரசர்சத்தம்
சரி, கெட்டி வண்டலுக்குக் குச்சி. ஆனால் ஒரே முறை. அதன் பிறகு குண்டைப் போட்டு, பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது ஆட்டி வைத்தால் மறுபடி அந்த நிலைக்குப் போகாது. தினமும் பாட்டிலுக்குள் துழாவ என்ன அவசியம்?

குச்சிக்காரன்
நுரை. தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் சர்பாக்டன்ட் என்ற சோப்பு மாதிரிப் பொருள் இருக்கிறது, அடித்துக் குலுக்கினால் குமிழ் கிளம்பும். தூரிகையால் பூசும்போது அந்தக் குமிழ் உடைந்த இடமெல்லாம் ஊசித்துளையாகக் காயும். அப்புறம் மூடி. குலுக்கும்போது பெயின்ட் மரைக்குள் ஏறிக் காய்ந்து, அடுத்த முறை இடுக்கி இல்லாமல் திறக்காது. கண்ணாடி பாட்டிலுக்குள் எஃகுக் குண்டைப் போட்டு ஆட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கம்ப்ரசர்சத்தம்
குலுக்குவது என்றால் மேலும் கீழும் அடிப்பது என்று யார் சொன்னது? பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து வேகமாக வட்டமாகச் சுழற்றுங்கள். ஆய்வகத்தில் வோர்டெக்ஸ் மிக்ஸர் என்று ஒன்று இருக்கிறது, அதன் ரப்பர் கிண்ணத்தில் குழாயை அழுத்தினால் உள்ளே சுழல் எழும். அதையே கையால் செய்கிறோம். நுரை வந்தாலும் சற்று நேரம் வைத்தால் அடங்கிவிடும். மரையில் ஏறியதைத் துடைக்கச் சோம்பல் என்றால் அது குண்டின் குற்றமா?

பசைவிரல்
குண்டு போடுகிறவர்கள் கவனிக்க: சாதாரண பேரிங் குண்டு தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் துருப்பிடிக்கும். வெள்ளை பழுப்பேறிய பிறகு யோசித்துப் பயனில்லை. 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். செம்பு, பித்தளை, ஈயம் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மணியும் நல்லதுதான், துருவே கிடையாது. ஆனால் எஃகின் அடர்த்தி 8 பக்கம், கண்ணாடி 2.5 பக்கம். அதனால் இடிக்கும் வேகம் குறைவு.

இறக்கை72
ஒரு எனாமல் டப்பாவைத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருக்கிறது, கீழே கெட்டி. தின்னர் ஊற்றிக் கிளறலாமா?

நிறமி
முதலில் தின்னர் வேண்டாம். ஆடை என்பது காற்றுப் பட்டு இறுகிய ரெசின், திரும்பக் கரையாது. உடையாமல் ஓரத்தை அறுத்து முழுசாகத் தூக்கி எறியுங்கள், உள்ளே கலந்தால் துணுக்குத் துணுக்காக மிதக்கும்.

பிறகு மேலே தெளிந்த திரவத்தில் பெரும்பகுதியை வேறு கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். மிச்சத்தோடு வண்டலை அழுத்திக் குழைத்தால் கட்டியில்லாத விழுதாகும். ஊற்றிவைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைத்துக்கொண்டே வாருங்கள். மொத்தத் திரவத்திலும் ஒரேயடியாகக் கிளறினால் கட்டிகள் நழுவி ஓடும். கடைசியில் தடிப்பாக இருந்தால் அப்போது தின்னர். மூடிய டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும். அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், எனாமல் தின்னர் தீப்பிடிக்கும்.

கம்ப்ரசர்சத்தம்
இதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. டப்பாவில் குண்டு போடச் சொல்லவும் மாட்டேன், அந்த அமுக்கு மூடியை நம்பிக் குலுக்கினால் சட்டை போய்விடும். சொட்டு பாட்டிலைப் பற்றி மட்டும் இன்னொன்று: தலைகீழாக அடுக்கி வையுங்கள். நிமிர்த்தியதும் வண்டல் தானே இறங்க ஆரம்பிக்கும்.

குச்சிக்காரன்
இறங்கி மூக்கை அடைக்கும். ஊசியால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படுக்க வைத்து அவ்வப்போது உருட்டிவிட்டால் போதும்.

இறக்கை72
டப்பாவை நிறமி சொன்னபடி குழைக்கிறேன். பழைய இறக்கை ஒன்றில் பூசி, மேட்டாகக் காய்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். சொட்டு பாட்டிலுக்கு 316 குண்டு. கண்ணாடி பாட்டிலுக்குக் குச்சிதான், சண்டை வேண்டாம்.

கம்ப்ரசர்சத்தம்
கண்ணாடி மணி போடலாமே?

குச்சிக்காரன்
விடமாட்டீர்களா?