கின்ஜோவின் உடலைக் கேட்டு இச்சிகோ ஏன் போனான்?

பதினேழு மாதம்:

ப்ளீச் மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை) 54-ஆம் தொகுதியைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இது. இன்னும் அங்கே வராதவர்கள் தயவுசெய்து இத்தோடு திரும்பிவிடுங்கள். கதையை முழுக்க உடைத்துத்தான் கேட்கப்போகிறேன்.

ஃபுல்பிரிங் ஆர்க் என்று நாம் சொல்கிற பகுதி 424-ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 479-இல் முடிகிறது. வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே படித்தேன். வில்லன் ஐசனோடு நடந்த அத்தனை பெரிய சண்டைக்கு அப்புறம் பள்ளிக்கூடம், பகுதிநேர வேலை, பை திருடிக்கொண்டு ஓடுகிறவன் என்று கதை போனதில் எனக்குப் பொறுமையே இருக்கவில்லை. பாதிப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டுத்தான் முடித்தேன்.

போன வருடம் எனக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோனது. பதினோரு வருடம் நெடுந்தூரம் ஓடியவள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோதும் அலாரம் இல்லாமலே காலை ஐந்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்வேன், கட்டுப் போட்ட காலைப் பார்ப்பேன், மறுபடி படுப்பேன். பார்க்க வந்தவர்களெல்லாம் "இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாமே" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். எனக்கும் பதில் சொல்லத் தெரியாமல் தலையாட்டினேன்.

அந்த நாட்களில்தான் இதை மறுபடி எடுத்தேன். ஆவிகளை வழியனுப்பும் ஷினிகாமியின் சக்தி போய் பதினேழு மாதம் ஆன நாயகன் இச்சிகோ, ஆவிகள் கண்ணில் படாத சாதாரண வாழ்க்கையைத்தானே இத்தனை நாள் விரும்பினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். முன்பு புரட்டிவிட்டுப் போன அந்தப் பக்கத்தைவிட்டு இந்த முறை என்னால் நகர முடியவில்லை. கின்ஜோ என்ற புதியவன் வந்து, போன சக்தியைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது என்று சொல்லும்போது இவன் ஏன் நம்பினான் என்று கேட்கவே தோன்றவில்லை. அப்படி ஒரு ஆள் வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

புரியாமல் நிற்பது கடைசிதான். கின்ஜோ இவனை ஏமாற்றினான். இவன் நண்பன் இஷிதாவை வெட்டினான். தன் கூட்டாளி சுகிஷிமாவை விட்டு இவன் தங்கைகளின் நினைவையே மாற்றினான். வளர்த்துக் கொடுத்த ஃபுல்பிரிங் என்ற புதுச் சக்தியை உருவி எடுத்துக்கொண்டான். எல்லாம் முடிந்து அவன் செத்த பிறகு இச்சிகோ ஷினிகாமிகளின் உலகமான சோல் சொசைட்டிக்குப் போய் அவன் உடலைக் கேட்கிறான், மனித உலகத்தில் புதைக்க வேண்டும் என்று. கேப்டன்கள் திகைத்துப் போகிறார்கள். அவன் வெறும் பதிலி ஷினிகாமி, அவ்வளவுதான் என்கிற பொருளில் ஒரு பதில் சொல்கிறான். தலைமைக் கேப்டன் யமமோட்டோ அனுமதி தருகிறார்.

இது மன்னிப்பா? குற்ற உணர்ச்சியா? இல்லை, அடுத்த பெரிய ஆர்க் காத்திருந்ததால் ஆசிரியர் கூபோ அவசரமாக முடிச்சுப் போட்டதா? அந்த ஏழெட்டுப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனால் எதற்கு வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

வெள்ளைப் பக்கம்:

நல்ல கேள்வி. எனக்கு இந்த ஆர்க் மேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். ஃபுல்பிரிங் ஆர்க் என்பது நாம் வைத்துக்கொண்டது. ஜப்பானியத்தில் இதற்கு "ஷினிகாமி தைகோ ஷோஷிட்சு" என்று பெயர். தைகோ என்றால் இன்னொருவர் இடத்தில் நின்று அவர் வேலையைச் செய்வது. ஷோஷிட்சு என்றால் காணாமல் போவது, மறைந்தே போவது. பதிலி ஷினிகாமி மறைந்துபோன கதை. முதல் அத்தியாயத்தில் இருந்து அந்தப் பெயருக்கு நாம் வைத்திருக்கும் முகம் இச்சிகோதான். அதனால் அவன் சக்தி போனதைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். கடைசிக்கு வந்த பிறகு யோசித்தால், மறைந்துபோன பதிலி இன்னொருவனும் இருக்கிறான். இவனுக்கு முன்பே அந்த வேலையைச் செய்த முதல் ஆள். அவனைப் பற்றி சோல் சொசைட்டியில் யாரும் இச்சிகோவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருந்தான் என்பதே மறைக்கப்பட்டவன்.

இப்போது அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், மண்டையோடு போட்ட ஐங்கோண பேட்ஜ். கேப்டன் உகிதாகே அதை இச்சிகோ கையில் கொடுத்தபோது அங்கீகாரம் என்றுதான் நாமும் நினைத்தோம். அது வைத்திருப்பவனைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் செய்யப்பட்டது என்பதைக் கின்ஜோதான் உடைக்கிறான். தனக்கு அது தெரிந்த நாளில் அவன் எதிரியாகிப் போனான். அதே உண்மை இச்சிகோவுக்கும் தெரியவருகிறது, அதுவும் சண்டை நடுவில். ஆனால் இவன் எதிரியாகவில்லை. உகிதாகே நம்மைவிடப் புத்திசாலி, மறைக்க நினைத்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை எனக்கு விட்டுவைத்தார், நான் எல்லோரையும் காப்பாற்றும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறான்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். இருவர் கையிலும் ஒரே அட்டை, இருவருக்கும் தெரியவந்தது ஒரே உண்மை. சாகும்போது கின்ஜோ நினைப்பது ஞாபகம் இருக்கிறதா? வரிசை மாறி, நீ முதலிலும் நான் உனக்குப் பின்னாலும் வந்திருந்தால் நானும் உன்னைப் போல ஆகியிருப்பேனா என்று நினைக்கிறான். அந்த நினைப்பு இச்சிகோ காதில் விழுந்திருக்க வழியில்லை. ஆனால் உடலைக் கேட்டுப் போவதைப் பார்த்தால், அதே கேள்வி இவனுக்குள்ளும் ஓடியிருக்கிறது என்றுதான் படுகிறது. இவன் முதலில் வந்திருந்தால் அங்கே கிடப்பது யாருடைய உடல்?

அதனால் எனக்கு இது மன்னிப்பாகத் தெரியவில்லை. அதே வேலையைச் செய்த ஒருவனுக்கு, அந்த வேலையைச் செய்த இன்னொருவன் வந்து முறை செய்கிறான். உலகத்திலேயே அந்தப் பெயரோடு இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். வேறு யார் வந்து கேட்பார்கள்?

நேராகச் சொல்கிறேன்:

மேலே எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

இச்சிகோ செய்தது அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன் இருக்க வேண்டியது இல்லை. கின்ஜோ ஏன் பிரிந்தான் என்பதன் முழுக் காரணம் மாங்காவில் வரவே இல்லை. ரியோகோ நாரிதா பின்னால் எழுதிய நாவலில்தான் அவன் கூட்டாளிகளுக்கு என்ன நேர்ந்தது, அதன் பின்னால் உண்மையில் யார் இருந்தது என்பதெல்லாம் வருகிறது. அதைப் படித்த பிறகுதான் உகிதாகே மேல் அவன் வைத்திருந்த கோபமே வேறு மாதிரி தெரிந்தது. மாங்காவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த உடலுக்காக எங்களை அழச் சொன்னால் எப்படி?

இன்னொன்று, தங்கைகள். யூசுவும் காரினும் வீட்டுக் கூடத்தில் சுகிஷிமாவைச் சொந்தக்காரன்போல உட்கார வைத்துப் பேசுகிற அந்தக் காட்சி எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பயங்கரமானது. ஹாலோ என்கிற தீய ஆவி கூட எனக்கு அந்த அளவுக்குப் பயம் தந்ததில்லை. அந்த வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவன் கின்ஜோ. அதற்குப் பிறகு இச்சிகோ ஒரு தடவையாவது கோபப்பட்டிருக்க வேண்டும், கல்லறையைத் தோண்டிக்கொண்டே ஆனாலும் சரி. எங்களுக்கு அதைக் காட்டவில்லை.

சண்டைகளும் அப்படித்தான். கின்ஜோவின் கூட்டாளி ரிருகாவின் பொம்மைப் பெட்டிக்குள் பன்றிப் பொம்மையோடு பயிற்சி என்று அத்தனை அத்தியாயம் போனது. அப்புறம் ஷினிகாமிகள் வந்ததும் ஆளுக்கு ஒரு அறையில் முடிந்துவிட்டது. இன்னொரு கூட்டாளி கிரிகோவைக் கேப்டன் கென்பாச்சி ஒரே வெட்டில் முடித்தார். கின்ஜோவின் இந்த எக்ஸ்கியூஷன் கூட்டத்தை எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் இவ்வளவு ஆதங்கம். அவர்களுக்கு இன்னும் இரண்டு தொகுதியாவது கொடுத்திருக்கலாம்.

புத்தகக்குறி:

என் பெயரிலிருந்தே தெரிந்திருக்கும், நான் சுகிஷிமா பக்கம். ஒரு புத்தகக்குறி வாளாக மாறுகிற அந்த யோசனைக்காகவே கூபோவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தங்கைகள் காட்சி பயங்கரம் என்று மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் உடலைக் கேட்கும் காட்சிக்கான பதில் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

சுகிஷிமா வெட்டினால் அந்த ஆளின் கடந்த காலத்துக்குள் அவன் நுழைந்துகொள்வான். பார்க்கிற நமக்கு அது பொய். வெட்டுப்பட்டவருக்கு அது நடந்ததுதான். நண்பர்கள் ஒரிஹிமேயும் சாடும் இச்சிகோவைப் பார்த்து, ஷினிகாமி ருகியாவைக் காப்பாற்றியதிலிருந்து ஐசன் வரைக்கும் எல்லாம் சுகிஷிமாவின் தயவு என்று மனதார நம்பிச் சொல்கிறார்கள். கின்ஜோ தன்னையே அவனை விட்டு வெட்டச் சொல்லி, சுகிஷிமா தன் எதிரி என்று தானே நம்பிக்கொண்டுதான் இச்சிகோவிடம் வந்தான். அதாவது இச்சிகோவோடு பழகிய அந்த நாட்களில் கின்ஜோ நடிக்கவில்லை. பயிற்சியில் காட்டிய அக்கறை அந்த நேரத்தில் அவனுக்கே உண்மையாக இருந்தது. இதை இச்சிகோவும் தெரிந்துகொள்கிறான்.

அப்படியென்றால் இந்த ஆர்க்கில் யாருடைய நினைவையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தங்கையின் நினைவும் தோழியின் நினைவும் பொய் சொல்லும், கின்ஜோவின் நினைவு அவனிடமே பொய் சொல்லியிருக்கிறது. மாற்ற முடியாமல் மிஞ்சுவது ஒரே ஒரு பொருள், அந்த உடல். அது சோல் சொசைட்டியில் கிடந்தால் துரோகி என்ற கணக்கில்தான் இருக்கும். மனித உலகத்தில் ஒரு கல்லுக்குக் கீழே இருந்தால், ஒரு மனிதன் இருந்தான், செத்தான் என்று ஆகும். ஃபுல்பிரிங்கர்கள் மனிதர்கள்தானே. பிறப்பதற்கு முன்பே பெற்றவரை ஒரு ஹாலோ தாக்கியதால் இப்படிப் பிறந்தவர்கள்.

கேப்டன் பியாகுயாவின் சண்டையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். சுகிஷிமா அவருடைய கடந்த காலத்தில் வருடக்கணக்கில் பழகிய நண்பனாக, நன்மை செய்தவனாக உட்கார்ந்துவிட்டான். இதழ்களாகச் சிதறும் அவர் வாள் செம்போன்சகுராவின் ஒவ்வொரு நுணுக்கமும் அவனுக்கு அத்துப்படி. கடைசியில் பியாகுயா உள்ளங்கைக்குள் ஒரு பிடி இதழ்களை மறைத்து வைத்துக்கொண்டு, கை எட்டும் தூரத்துக்கு அவனை வரவிட்டு முடிக்கிறார். முடிக்கும்போதும் அவன் செய்த உதவியை மறுக்கவில்லை. உனக்கு நான் கடன்பட்டவன், ஆனால் நீ இச்சிகோவின் எதிரி, அதனால் வெட்டுகிறேன் என்கிறார். நன்றியும் வெட்டும் ஒரே கையில். இச்சிகோ கின்ஜோவைக் கொன்றுவிட்டு அவனுக்குக் குழி தோண்டப் போவதும் எனக்கு அதே குணமாகத்தான் தெரிகிறது.

நேராகச் சொன்னவருக்கு: கோபத்தைக் காட்டவில்லை என்கிறீர்கள். கொன்றானே, அது போதாதா?

நேராகச் சொல்கிறேன்:

கொன்றது கோபத்தில் இல்லை என்பதுதான் என் குறை. சரி, கின்ஜோ அந்த நாட்களில் நடிக்கவில்லை என்ற விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. அதை வைத்து மறுபடி படித்துப் பார்க்கிறேன். எக்ஸ்கியூஷனுக்கு இடம் போதவில்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

வெள்ளைப் பக்கம்:

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். இறுதிப் போரில் எதிரி ய்வாக் இச்சிகோவின் பாங்காயை (வாளின் உச்ச வடிவம்) உடைத்த பிறகு அதைத் திரும்பக் கொண்டுவருவதில் சுகிஷிமாவுக்குப் பங்கு உண்டு. இச்சிகோவின் வீட்டையே கலைத்த அதே வாள். கூபோ காரணத்தை எப்படி வைத்திருந்தாலும், நான் அதைக் கின்ஜோவின் கல்லறைக்கு வந்த பதில் மொய்யாகவே படிக்கிறேன்.

பதினேழு மாதம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 49-ஆம் தொகுதியிலிருந்து மறுபடி ஆரம்பித்து இப்போதுதான் முடித்தேன்.

அந்த உடல்தான் மாறாத சாட்சி என்ற வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்டது. என் விஷயத்திலும் அப்படித்தான். நான் எவ்வளவு தூரம் ஓடினேன் என்பது பார்க்க வந்தவர்கள் பேச்சில் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருந்தது. என் ஞாபகத்திலேயே மாறியது. குதிகாலில் இருக்கிற தையல் வடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த முறை இன்னொன்று கண்ணில் பட்டது. யாராவது முன்பே பேசியிருந்தால் மன்னியுங்கள். முதல் அத்தியாயத்தில் ருகியா இச்சிகோவின் நெஞ்சில் வாளைச் செருகிச் சக்தி கொடுத்தது குற்றம். அதற்காகத்தான் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள், முழு சோல் சொசைட்டி ஆர்க்கும் அதிலிருந்துதான் பிறந்தது. இங்கே அவள் மறுபடி அதையே செய்கிறாள். இந்தத் தடவை உராஹாரா செய்த வாள், அதில் கேப்டன்களும் துணைக் கேப்டன்களும் ஊற்றிய ரெயாட்சு (ஆவிச் சக்தி), ஊற்றச் சொல்லி உத்தரவு போட்டவர் யமமோட்டோவே. அதே ஆள் அதே ஆளுக்குச் செய்த அதே காரியம், குற்றமாக இருந்தது உத்தரவாகிவிட்டது. அவள் கையில் துணைக் கேப்டன் பட்டை வேறு இருக்கிறது.

வாள் நெஞ்சில் ஏறியதும் இச்சிகோ முதலில் நினைப்பது அப்பாவும் சுகிஷிமா பக்கம் போய்விட்டார் என்று. இஷ்ஷின் அவனை நன்றாகப் பார்க்கச் சொல்கிறார், வாளைப் பிடித்திருப்பது யார் என்று. சக்தி இல்லாதவன் கண்ணுக்கு ஷினிகாமி தெரிய மாட்டாள். வாளின் முனை முதலில் தெரிகிறது, அப்புறம்தான் அவள்.

கின்ஜோவுக்கு அப்படி வாளோடு யாரும் வரவில்லை. அவனுக்காக அந்த வாசலில் போய் நிற்கப் பதினேழு வயதுப் பையன் ஒருவன்தான் இருந்தான், அதுவும் அவன் செத்த பிறகு. என் கண்ணில் தண்ணீர் வந்தது இதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாவலின் பெயரை யாராவது போட முடியுமா? அடுத்து அதைத்தான் படிக்கப்போகிறேன்.

நேராகச் சொல்கிறேன்:

"கான்ட் ஃபியர் யுவர் ஓன் வேர்ல்ட்". துணைக் கேப்டன் ஹிசாகிதான் மையம், கின்ஜோவின் பகுதி நடுநடுவே வரும். கின்ஜோவும் உகிதாகேயும் வரும் இடங்களை மட்டும் வேகமாகப் புரட்டிவிடாதீர்கள்.