அப்பாவையா, கேரட்டையா?

சுங்கை சிப்புட் பொண்ணு:
அப்பா ஈப்போ பந்தயத் திடலில் முப்பது வருஷம் குதிரை பார்த்தவர். “தோட்டத்து லயத்தில் பிறந்தேன், குதிரை லாயத்தில் பிழைத்தேன்” என்பார். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அவர் கவனித்த செவலை ஒன்று இப்போது சவாரி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. போன ஞாயிறு கூட்டிப்போனேன். வேலியோரம் நின்று அப்பா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். மேய்ந்துகொண்டிருந்தது நிமிர்ந்து, இரண்டு காதையும் எங்கள் பக்கம் திருப்பியது. நேரே வந்து அவர் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. பை காலி. அப்படியும் போகவில்லை, தோளில் தாடையைச் சாய்த்து நின்றது. எச்சில் பட்ட அந்தச் சட்டையைத் துவைக்க விடமாட்டேன் என்கிறார். தம்பியோ, “கேரட் ஞாபகம்தான் லா” என்கிறான். ஆளையே ஞாபகம் வைத்திருக்குமா?

பழைய குதிரைக்காரன்:
தங்கச்சி, தம்பி சொல்வதில் பாதி சரி. பை தேடியது கேரட்டுக்குத்தான். ஆனால் குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் முன்னால் கிட்டத்தில் நிற்பது அதற்குத் தெரியாது. அங்கே ஒருவரை நிற்க விட்டு, அவர் மேலேயே சாய்கிறது என்றால் குரலையும் வாசனையையும் நம்பித்தான். பிடரி முடிகிற இடத்தில் அப்பாவைச் சொரியச் சொல்லுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொரிந்துகொள்ளும் இடம் அது. அங்கே கை பட்டால் நெஞ்சுத் துடிப்பே தணியும்.

ராத்திரி வாசகன்:
2018-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் கோபமாக இருக்கும் படத்தைக் குதிரைக்குக் காட்டி, சில மணி நேரம் கழித்து அதே ஆளைச் சாதாரண முகத்தோடு எதிரில் நிறுத்தினார்கள். குதிரை அவரை இடது கண்ணால் அதிகம் கவனித்தது. ஆபத்து என்று நினைப்பதை அது அப்படித்தான் பார்க்கும். ஆக, முகம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது சில மணி நேரக் கணக்கு. நாலு வருஷத்துக்கு அதைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.

சுங்கை சிப்புட் பொண்ணு:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சோதனையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. “பிடரிக்குக் கீழே இடப்பக்கம்தான் அதுக்குப் பிடிக்கும். வலப்பக்கம் தொட்டா காதை மடிச்சுக்கும்” என்றார். வரும் ஞாயிறும் போகிறோம். கேரட் வாங்கக் கூடாதாம். தம்பியும் கூட வந்து பார்க்க வேண்டுமாம்.