அடுத்த ஃப்ளூ அலை வந்தால் மதுரையை எப்போது மூடுவது?

வைகைக்கரை: 1918 ஃப்ளூவில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், ஊருக்குள் நோய் வந்த பிறகும் செப்டம்பர் 28-ல் பெரிய ஊர்வலம் நடத்தியது. சில நாளில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அதே நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரம் சீக்கிரமே பள்ளி, தியேட்டர், சர்ச் எல்லாவற்றையும் பூட்டியது; சாவு குறைந்தது. 2020-ல் நாமும் அழகரை ஆற்றில் இறக்கவில்லை. அடுத்த முறையும் முதல் வாரமே மூட வேண்டும், அவ்வளவுதான்.

பூக்கடைத்தம்பி: மாசச் சம்பளக்காரர் பேச்சு அண்ணே இது. நாங்கள் மாட்டுத்தாவணியில் பூ எடுத்து கட்டி விற்கிறவர்கள். ஊரடங்கு வந்த அன்று வீட்டில் ஒரு சாக்கு மல்லி மொட்டு. ஈரத்துணி போட்டு மூடினோம். ராத்திரி எல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த வாசத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் குப்பையில் கொட்டினேன். அப்புறம், செயின்ட் லூயிஸ் நவம்பரில் தளர்த்தியதும் சாவு மறுபடி ஏறியதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வைகைக்கரை: ஏறியது உண்மைதான் தம்பி. அவசரப்பட்டுத் திறந்தது தப்பு என்றுதானே அதற்கு அர்த்தம்?

பூக்கடைத்தம்பி: அதே 1918-ல் நம் நாட்டில் மழையும் பொய்த்தது, விலைவாசியும் ஏறியது. வயிறு காய்ந்த சனம்தான் அதிகம் செத்தது. சோற்றுக்கு வழி சொல்லிவிட்டு மூடுங்கள்.

செவிலியக்கா: இரண்டு பேருமே கடைசி ஆளை விட்டுவிட்டீர்கள். 2009 பன்றிக்காய்ச்சல் சமயம் நான் உசிலம்பட்டிப் பக்கம் கிராம செவிலியர். லேசான காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இரு. கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், வயசானவருக்கு மாத்திரை. மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. இப்படித்தான் பிரித்தோம். அந்த மாத்திரை, ஒசெல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் நன்றாகக் கேட்கும். கூலிக்குப் போகிறவரோ ஒரு ஊசி போட்டுக்கொண்டு களையெடுக்கப் போய்விடுவார். அஞ்சாம் நாள் கட்டிலோடு தூக்கி வருவார்கள். "ஏம்ப்பா முன்னாடியே வரல?" என்றால், "ஒரு நாள் கூலி போயிரும்க்கா." காய்ச்சல்காரருக்கு அஞ்சு நாள் கூலியைக் கையில் கொடுங்கள், பாதிப் பரவல் அடங்கும்.

வைகைக்கரை: பாதி என்பது உங்கள் ஊகம் அக்கா. ஃப்ளூ, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவும். அந்த ஒரு நாளுக்குக் கூலி யாருக்குக் கொடுப்பீர்கள்?

செவிலியக்கா: ஊகம்தான், சரி. அதற்குத்தான் கூட்டத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். 2020-ல் பல ஊரில் காய்கறிக் கடைகளை பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினார்களே, பூவுக்கும் செய்யலாமே?

பூக்கடைத்தம்பி: பஸ் ஸ்டாண்ட் வெயிலில் மல்லி காலை பத்து மணி வரைகூடத் தாங்காது அக்கா. மேலே பந்தல், கீழே தண்ணீர் தெளிக்க ஆள். இது இரண்டும் இருந்தால் நானே முதல் ஆளாகக் கடையை மாற்றுகிறேன்.