மெகா டிரைவ் முதல் மாடல்: சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது

மதுரைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கி வந்த சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் கருவியின் முதல் மாடல் ஒன்று பல ஆண்டுகள் பரணில் கிடந்து, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு நன்றாக எரிகிறது; ஆனால் தொலைக்காட்சியில் படம் வருவதில்லை. சுவிட்ச் இருக்கும் பக்கத்தை விரலால் லேசாகத் தட்டினால் மட்டும் சில நேரங்களில் படம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. கேட்ரிட்ஜ்களின் பின்களை ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிட்டேன். ஏவி கேபிளை வேறொரு கருவியில் மாட்டிப் பார்த்ததில் அதில் குறை இல்லை என்று தெரிகிறது.

என் சந்தேகங்கள் மூன்று. கருவியோடு வந்த டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரின் மேல் 9 வோல்ட் என்று இருக்கிறது. மல்டிமீட்டரில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. அது கெட்டுவிட்டதா? வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரின் முனை இதில் சரியாகப் பொருந்தும் போலிருக்கிறது. அதை மாட்டிப் பார்க்கலாமா? கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கி மின்சாரத்தைச் சீராக்கும் உறுப்பு) அனைத்தையும் மாற்றினால்தான் இது பிழைக்கும் என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? சால்டரிங் ஓரளவு பழக்கம் உண்டு.

பழுதுநோக்கி (மறுமொழி)

நண்பரே, முதலில் அந்த ரூட்டர் அடாப்டரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். மெகா டிரைவ் முதல் மாடலின் மின்துளையில் நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். ரூட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடுமுனையைப் பிளஸாகக் கொண்டவை. முனை பொருந்துகிறது என்பதால் மாட்டினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கும் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டருக்கும் மின்சாரம் தலைகீழாகப் போகும். போதாக்குறைக்கு, சேகா நிறுவனமே 1993இல் வெளியிட்ட இரண்டாம் மாடலில் நடுமுனையைப் பிளஸாக மாற்றி, முனையின் அளவையும் மாற்றிவிட்டது. ஆகவே 'மெகா டிரைவ் அடாப்டர்' என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் வட்டக்குறியில் நடுப்புள்ளியிலிருந்து புறப்படும் கோடு எந்தக் குறியில் போய் முடிகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் அடாப்டர் 13 வோல்ட் காட்டுவது கோளாறு அன்று. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டருக்குள் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் பகுதி எதுவும் கிடையாது. சுமை இல்லாதபோது அது 12, 13, 14 என்று ஏறி நிற்கும். கருவி மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் 9 வோல்ட்டை ஒட்டி இறங்கும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவுதான் நமக்குப் பயன்படும்.

இனி முதன்மையான விஷயம். விளக்கு எரிவதை வைத்து மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் மாடலின் போர்டில் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கோடு இணைந்து 7805 ரெகுலேட்டர்கள் இரண்டு இருக்கும். உள்ளே வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொன்றும் சிப்களின் ஒரு பகுதிக்குத் தனித்தனியாக வழங்குகிறது. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றதன் தயவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம்.

அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, தகரக் கவசத்தை எடுத்துவிட்டு, கேட்ரிட்ஜைச் செருகிய நிலையிலேயே அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது குறைந்த மின்னழுத்தம்தான் என்பதால் தொடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 230 வோல்ட் இருப்பது அடாப்டருக்குள்ளே, ஆகவே அதை மட்டும் திறக்காதீர்கள். ரெகுலேட்டரின் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருந்தால், இடப்புறக் கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்டு (மைனஸ்), வலப்புறக் கால் வெளியீடு. மீட்டரின் கறுப்பு முனையை ஹீட்சிங்கில் பிடித்துக்கொள்ளலாம், ஏனெனில் 7805இன் உலோக முதுகும் கிரவுண்டுதான். உள்ளீட்டில் 7 வோல்ட்டுக்குக் குறையாமலும் வெளியீட்டில் 4.8 முதல் 5.2 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். இரண்டு உள்ளீடுகளும் குறைவாக இருந்தால் சந்தேகம் சுவிட்சின் மேலோ மின்துளையின் மேலோ விழும். உள்ளீடு சரியாக இருந்து வெளியீடு மட்டும் தாழ்ந்தால் ரெகுலேட்டரையோ அதற்கு அப்பால் உள்ள ஷார்ட்டையோ (மின்பாதை நேரே கிரவுண்டைத் தொட்டுவிடும் பழுது) தேட வேண்டும்.

ரிச்சி தெரு வாடிக்கையாளர் (மறுமொழி)

மேலே நண்பர் எழுதியிருப்பதை நானும் வழிமொழிகிறேன். கெப்பாசிட்டர் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய கருவி என்றாலே கெப்பாசிட்டர் அனைத்தையும் கழற்றி எறிவது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. சேகாவின் அதே காலத்துக் கையடக்கக் கருவியான கேம் கியரில் அது பெரும்பாலும் தேவைப்படுகிறது. அதன் சிறிய ஒட்டுவகைக் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டையே அரிப்பதுண்டு. மெகா டிரைவ் முதல் மாடலில் இருப்பவை பெரும்பாலும் கால் நீண்ட பழைய வகை, பொதுவாக உழைக்கும். தேவையின்றிக் கழற்றும்போது போர்டின் செம்புத்தடம் பெயர்ந்தால் அது புதிய தலைவலி.

மீட்டர் இல்லாமலேயே ஒரு சோதனை செய்யலாம். கருவியின் முன்பக்கத் துளையில் ஹெட்ஃபோனைச் செருகி, மேலே உள்ள ஒலி நெம்பை முழுவதும் ஏற்றிக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் கேட்டால் ஒலிப்பகுதிக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். 'ம்ம்ம்' என்று கனமான ரீங்காரம் கேட்டால், நம் ஊரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அடாப்டரில் திருத்தப்பட்டு 100 ஹெர்ட்ஸ் அலையாக உள்ளே கசிகிறது. அப்போது கெப்பாசிட்டரைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

மதுரைவாசி

விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. அளந்துவிட்டேன். கருவி ஓடும்போது இரண்டு ரெகுலேட்டர்களின் உள்ளீட்டிலும் 9 வோல்ட்டை ஒட்டியே இருக்கிறது. முதல் ரெகுலேட்டரின் வெளியீட்டில் 5.02 வோல்ட் அசையாமல் நிற்கிறது. இரண்டாவதில்தான் குழப்பம். மேற்புறமிருந்து அதன் வெளியீட்டுக் காலில் மீட்டர் முனையை வைத்தால் 5.01 வோல்ட் வருகிறது. போர்டைத் திருப்பி, அதே கால் இறங்கும் ஈயப்பற்றின் ஓரத்தில் வைத்தால் 2 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையே ஆடுகிறது. முனையைச் சற்று அழுத்தினால் 5 வோல்ட்டுக்குத் தாவுகிறது. ஒரே கால்தானே, இது எப்படிச் சாத்தியம்? ஹெட்ஃபோனில் இரைச்சலோடு ரீங்காரமும் கேட்கிறது.

பழுதுநோக்கி

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், ஐயா. காலுக்கும் ஈயத்துக்கும் இடையே விரிசல். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். காலைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். மின்சாரம் அந்த வளையத்தைத் தாண்ட முடியாமல் திணறுவதால்தான் மேலே முழு 5 வோல்ட்டும் கீழே பாதியும் காட்டுகிறது. நீங்கள் தட்டியபோது படம் வந்துபோனதும் இதனால்தான்.

இந்த இடத்தில் விரிசல் விழுவதற்குக் காரணம் வெப்பம். 7805 மிச்ச மின்னழுத்தத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும் வகை: 9 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் போனால் 4 வாட், 12 வோல்ட்டில் போனால் 7 வாட். கருவியை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஹீட்சிங்க் சூடேறி விரிந்து, அணைத்ததும் சுருங்குகிறது. அந்த அசைவு முழுவதையும் தாங்குவது கால்களின் ஈயப்பற்று. ரூட்டர் அடாப்டரை வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம்; முனையை மாற்றி இணைத்தாலும் 12 வோல்ட் இந்தக் கருவிக்கு வீண் சூடுதான்.

சால்டரிங்குக்கு முன்பு ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, அந்த ஈயப்பற்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். சுழியத்தை ஒட்டி நின்றால் அப்பால் எங்கோ ஷார்ட். அதைத் தீர்க்காமல் மேற்கொண்டு போகக் கூடாது. அப்படி இல்லையெனில், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃப்ளக்ஸ் தடவிப் புதிய ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே சூடுகாட்டி ஒப்பேற்றினால் விரைவில் மறுபடியும் விரியும். இரண்டு ரெகுலேட்டர்களின் ஆறு கால்களுக்கும், மின்துளையின் கால்களுக்கும் இதையே செய்துவிடுவது நல்லது. ரெகுலேட்டரை மாற்றத் தேவையில்லை. அது தன் 5.01 வோல்ட்டைச் சரியாகவே கொடுக்கிறது.

மதுரைவாசி

ஷார்ட் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சொன்னபடியே பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாக வைத்தேன். கறுப்பு வளையம் இரண்டாவது ரெகுலேட்டரின் வெளியீட்டுக் காலில் தெளிவாகத் தெரிந்தது. மின்துளையின் ஒரு காலிலும் அதன் தொடக்கம் இருந்தது. இப்போது ஈயப்பற்றிலும் 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது, படம் வருகிறது, தட்டினாலும் போவதில்லை. ஹெட்ஃபோனில் ரீங்காரம் மட்டும் அப்படியே இருக்கிறது. தொலைக்காட்சியில் கருநிறக் காட்சிகளின்போது மங்கலான பட்டை ஒன்று மெதுவாக மேலேறுகிறது.

ரிச்சி தெரு வாடிக்கையாளர்

மகிழ்ச்சி. அந்தப் பட்டையும் ரீங்காரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மீட்டரை ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றி, கருவி ஓடும்போது ரெகுலேட்டரின் உள்ளீட்டில் அளந்து பாருங்கள். (சில மலிவான மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டிவிடும். பிளஸ், மைனஸ் முனைகளை இடம் மாற்றியும் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.) ஒரு வோல்ட்டுக்கு மேல் அலை தெரிந்தால், வடிகட்ட வேண்டிய பெரிய கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கிறது. அது அடாப்டருக்குள்ளும் இருக்கலாம், போர்டில் உள்ளீட்டுப் பக்கத்திலும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய, நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே சுருக்கமான வழி.

நடுமுனை மைனஸ் கொண்ட 9 வோல்ட் அடாப்டரை எலக்ட்ரானிக்ஸ் கடையில் தேடுவதைவிட இசைக்கருவிக் கடையில் தேடுவது எளிது. கித்தார் பெடல்களும் பழைய கேசியோ கீபோர்டுகளும் அந்த முறையையே பயன்படுத்துகின்றன. பெடல் அடாப்டர்கள் பலவற்றின் கொள்ளளவு சில நூறு மில்லி ஆம்பியர்தான் என்பதால் அவை இதற்குப் போதா; முதல் மாடலுக்கு 1.2 ஆம்பியர் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தீங்கில்லை, கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். புதிய அடாப்டரிலும் ரீங்காரம் நீடித்தால் போர்டில் உள்ளீட்டுப் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரை மட்டும், அதே மைக்ரோஃபாரட் அளவிலும் அதே அளவு அல்லது அதைவிடக் கூடுதலான வோல்ட் தாங்குதிறனிலும் வாங்கி, உடலில் மைனஸ் பட்டை இருக்கும் பக்கத்தைப் போர்டின் குறியோடு ஒப்பிட்டுப் பொருத்துங்கள்.

மதுரைவாசி

அலை ஒன்றரை வோல்ட் காட்டியது. முனைகளை மாற்றி வைத்தும் அதேதான். பக்கத்துத் தெருவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரிடம் நடுமுனை மைனஸ் உள்ள 9 வோல்ட், 1.5 ஆம்பியர் அடாப்டர் இருந்தது. அதை மாட்டியதும் ரீங்காரமும் பட்டையும் இல்லை. ஆகப் போர்டில் கை வைக்கப் போவதில்லை. அதே போன்ற அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்கிறேன். பழையதன் மேல் 'பயன்படுத்தாதே' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.